இரண்டு தடவை சாப்பிடுகிறவன்

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே ஒரு தனியார் பஸ்ஸை என் ஆயுசில் பாதிக்கு மேல் ஓட்டினேன். கடைசி நடை முடிந்து வீடு போய்ச் சேர ராத்திரி எட்டரை ஆகிவிடும். அந்த எட்டரைக்குத்தான் எங்கள் வீட்டில் தட்டு வைப்பார்கள். என் மகன் திருமூர்த்தி நான் வந்து உட்காராமல் சோற்றைத் தொட மாட்டான். கால்சட்டை போட்ட வயசிலிருந்தே அப்படி. தூக்கத்தில் தலை ஆடினாலும் சுவரில் சாய்ந்து காத்திருப்பான். என் சம்சாரம் சாந்தாமணி கதவைத் திறக்கும்போதே சொல்லுவாள், "எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறானுங்க. அப்பா வரட்டும்ங்கறான்."

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரை நம்பியதில்லை, டீசல் ஊற்றுகிறவனை நம்பியதில்லை, முதலாளியைச் சத்தியமாக நம்பியதில்லை. இந்த ஒன்றை நம்பினேன்.

சாந்தாமணி போன பிறகு மகன் என்னை அமெரிக்காவுக்குக் கூட்டி வந்தான். டெக்சாஸில் காப்பெல் என்று ஓர் ஊர். ஆறு மாசம் என்று சொல்லிக் கூட்டி வந்து, அதை இன்னொரு ஆறு மாசம் நீட்டினான். அந்த வருஷம் கம்ப்யூட்டரெல்லாம் இரண்டாயிரம் பிறந்தால் நின்றுபோகும் என்று ஊரே பயந்து கிடந்தது. அதைச் சரி செய்கிற வேலை இவனுக்கு. காலையில் போனால் எட்டரைக்குத்தான் வருவான். மருமகள் தாமரைச்செல்விக்கும் வேலை. பேத்தி கண்மணிக்குப் பள்ளிக்கூடம். நான் பகல் முழுக்க ஒரு சோபாவில் உட்கார்ந்து, பேச்சு புரியாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் சேனாபதி வந்து வாக்கிங் கூட்டிப் போவார். தாராபுரத்துக்காரர், மகள் வீட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஏரியைச் சுற்றி நடந்து திரும்பி வருவோம். அப்புறம் எட்டரை. மகன் வருவான், கை கழுவுவான், எனக்கு எதிரே உட்காருவான். எனக்கென்று ஒரு நாளில் இருந்தது அவ்வளவுதான். அது போதும் என்று இருந்தேன்.

"கிரீன் கார்டு அப்ளை பண்ணிடலாமுங்கப்பா. நீங்க சரின்னு சொன்னாப் போதும், இங்கயே இருந்துக்கலாம்" என்று மூன்று மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். லீவுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். சரி என்றுதான் சொல்வதாக இருந்தேன். அந்த எட்டரை மணிச் சோற்றுக்காக.

ஒரே ஒரு கவலை. அவன் சாப்பிடுவது இல்லை. ஒரு கரண்டி சோற்றை வாங்கித் தட்டில் பரப்புவான். நடுவில் பள்ளம் பண்ணுவான். ஓரத்தை ஒதுக்குவான். நிறையத் தண்ணீர் குடிப்பான். கேட்டால் "டென்ஷனுங்கப்பா" என்பான். பெற்றவன் முன்னால் மகன் ஒரு பிடி சோறு தின்னும்போது எனக்கு எப்படி மூன்று பிடி இறங்கும். நானும் குறைத்துக்கொண்டேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினேன். மருமகளிடம், "வயித்துல என்னமோ இருக்குது, டாக்டர்கிட்டக் காட்டு" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "காட்டலாமுங்க மாமா" என்பாள், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவன் வயிறு சரியானால் மொட்டை போடுகிறேன் என்று எங்கள் ஊர்த் திருமூர்த்தி மலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன்.

லீவு என்றால் பண்ணை வீடு. மருமகளின் ஆபீசில் யாரோ சொன்னார்களாம். சான் அன்டோனியோ தாண்டி, பிரான்ஸ் தேசத்துக் குடியானவர்கள் அந்தக் காலத்தில் வந்து உட்கார்ந்த ஊர். அங்கே லூசீல் என்று ஒரு கிழவி தன் வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டுச் சோறும் போடுகிறாள். கோழி இருக்கும், ஆடு இருக்கும், குழந்தை பார்க்கட்டும் என்றாள் மருமகள். ஆடு பார்க்க ஆறு மணி நேரம் கார் ஓட்டுகிற ஜனத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

போய்ச் சேரும்போது மத்தியானம் ஒரு மணி. பசி. கிழவி கதவைத் திறந்து, கையை விரித்தாள். பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு முடிந்துவிட்டதாம். ஆளுக்கு ஒரு ஆப்பிளைக் கொடுத்தாள்.

"காசு குடுத்துத்தானடா வந்திருக்கறோம்?" என்றேன்.

"இங்க அப்படித்தானுங்கப்பா. அவிங்க ஊர்ப் பழக்கம். மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. மணி அடிப்பாங்க. போகலேன்னா கிச்சன் க்ளோஸ்."

"ஜெயில்ல கூட இதே நேரந்தான்" என்றேன். மருமகள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஆறு மணிக்குச் சோறு என்றால் எனக்கு ஆகாது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது என்ன ராத்திரிச் சாப்பாடு? நல்லவேளை, நான் யாரையும் நம்புகிறவன் இல்லையே, கிளம்பும்போதே ராத்திரிக்கென்று புளிசோறு கட்டி எடுத்து வரச் சொல்லியிருந்தேன். "நீங்க போய் உக்காருங்க. நானும் திருமூர்த்தியும் எட்டரைக்குப் புளிசோறு சாப்பிட்டுக்கறோம்" என்றேன்.

அவன் ஒரு நிமிஷம் நின்றான். "சரிங்கப்பா. சும்மா அவங்ககூடப் போய் உக்காந்துட்டு வர்றேன். இல்லேன்னா அந்தம்மா கோவிச்சுக்கும்."

போனான். மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவன் கை கழுவி நின்றதை நான் கவனித்தேன். ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

நான் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நீள மேஜை. சூப்பு, ரொட்டி, முட்டை, வெண்ணெய்க் கட்டி மாதிரி என்னமோ ஒன்று. என் மகன் சூப்பை இரண்டு தடவை வாங்கினான். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். வாய் நிறைய வைத்துக்கொண்டு கிழவியிடம் பேசினான், சிரித்தான். கடைசியில் ரொட்டித் துண்டால் தட்டைச் சுத்தமாகத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன். பையனுக்குப் பசி வந்துவிட்டது, வேலை இல்லாத இடத்துக்கு வந்ததும் வயிறு திறந்துவிட்டது, மொட்டை போட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

எட்டரைக்கு அந்த நாற்காலிக்கு எதிரே இன்னொன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. டப்பாவைத் திறந்து அவன் தட்டில் ஒரு கரண்டி போட்டேன். அவன் அதைப் பரப்பினான். நடுவில் பள்ளம் பண்ணினான். ஓரத்தை ஒதுக்கினான். தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

என் கை நின்றுவிட்டது.

அதே பரப்பல். அதே பள்ளம். வயிறு நிறைந்த மனுஷன் சோற்றை என்ன செய்வானோ அதை அவன் என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தான். பத்து மாசமாக ஒவ்வொரு ராத்திரியும் இதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"டென்ஷனா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கப்பா. கொஞ்சம்" என்றான்.

நான் டப்பாவை மூடினேன்.

மறுநாள் காலையில் ஒரு வட்ட ரொட்டியும் ஜாமும் கொடுத்தாள் கிழவி. தின்றேன். கண்மணி கோழிக்குத் தீனி போடப் போனாள். நானும் கூடப் போனேன். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் இங்கிலீஷ்.

"கண்ணு, நம்ம ஊட்டுல உங்கப்பா சாயங்காலம் எப்பச் சாப்பிடுவாரு?"

அவள் கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வித் அஸ். அட் சிக்ஸ்."

"தினமுமா?"

"எவ்ரி டே, தாத்தா. தென் ஹி கோஸ் பேக் டு ஒர்க்." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தீனிக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மம்மி செட் டோன்ட் டெல்."

இந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும்.

ஆறு மணிக்கு நான் எங்கே இருப்பேன்? ஏரிக்கரையில், சேனாபதியோடு. ஐந்தரைக்கு வந்து கதவைத் தட்டுவார். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. எனக்குக் கால் வலித்தால் "இன்னொரு ரவுண்டு, உடம்புக்கு நல்லது" என்பார். மழை வந்தால் லைப்ரரிக்குள் கூட்டிப் போய் உட்கார வைப்பார், இரண்டு பேருக்கும் ஒரு வரி இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல். திரும்பும்போது எங்கள் தெரு முக்கில் நின்று, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவார். அவிழாத கயிற்றை. கட்டிக்கொண்டே தலையைத் தூக்கி எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் நடப்பார். வயசானவர், மூச்சு வாங்குகிறது போல என்று நான் பரிதாபப்பட்டேன். அவர் என் மகனுடைய கார் போய்விட்டதா என்று பார்த்திருக்கிறார்.

மருமகளைக் கூப்பிட்டுச் சேனாபதிக்கு ஒரு போன் போட்டுக் கொடு என்றேன். கிழவியின் சமையலறைச் சுவரில் ஒரு போன் இருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நம்பரை அழுத்திக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, சௌக்கியங்களா?" என்றார் சேனாபதி. "பண்ணை எப்படியிருக்குதுங்க?"

"நல்லாருக்குதுங்க. ஷூ கயிறு கட்டியாச்சுங்களா?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சு போச்சுங்களா" என்றார் கடைசியில். "நான் உங்க மருமகள்கிட்ட அப்பவே சொன்னேனுங். இது நாள்பட நிக்காதும்மான்னு. உங்களுக்கு ஒண்ணும் கெடுதல் பண்ணலீங்களே. தம்பி உங்க மனசு நோகக் கூடாதுன்னு..."

"தினமும் ஏரியச் சுத்துனது எனக்குத் துணைக்குன்னு நெனச்சனுங்க."

"துணைக்கும்தானுங்" என்றார்.

வைத்துவிட்டேன். அந்த 'உம்' ஒன்றுதான் எனக்கு அவரிடம் மிச்சம்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. நான் போகவில்லை. வேலி ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் திருமூர்த்தி வந்தான். தாமரைச்செல்வி சொல்லியிருப்பாள்.

"கோவமாங்கப்பா?"

"எத்தனை நாளா?"

"நீங்க வந்த ரெண்டாவது வாரத்துல இருந்து." தரையைப் பார்த்துப் பேசினான். "எட்டரைக்குச் சாப்பிட்டா எனக்கு நெஞ்சு எரியுதுங்கப்பா. இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு. ஆறு மணிக்குச் சாப்பிட்டே ஒடம்பு பழகிப் போச்சு. கண்மணியும் எங்கூட உக்காந்தாத்தான் சாப்பிடும். அத விட முடியல. உங்களையும் விட முடியல."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆறு மணிக்கு நானும் உக்காந்திருப்பன்ல?"

"நீங்களா?" என்றான். "நேத்து உக்காந்தீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாதது எனக்கு, பொய் அவனுடையது. இரண்டையும் ஒன்றாக்க நான் தயாராக இல்லை.

"நான் உன்ற வயித்துக்கு நேர்ந்துக்கிட்டு இருக்கறன்டா. நீ திங்கலையேன்னு நான் திங்காம இருக்கறன். இடுப்புல கயிறு கட்டியிருக்கறன் பாரு."

பார்த்தான். கண் கலங்கியது. அதையும் நான் நம்பலாமா என்று யோசித்தேன்.

"சின்ன வயசுல எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தயே, அந்தப் பையன் எங்கடா போனான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தான். என்னமோ சொல்ல வருகிறான், விழுங்குகிறான் என்று தெரிந்தது.

"சொல்லு."

"வேண்டாமுங்கப்பா."

"சொல்லுடா."

"அம்மா எனக்கு ஆறு மணிக்கே போட்டுருவாங்க" என்றான். "ஸ்கூல் விட்டு வந்தா பசிக்குமில்லீங்களா. தட்டக் கழுவிக் கவுத்துட்டு, 'அப்பா வந்தா மறுக்கா ரெண்டு வாய் சாப்புடு கண்ணு, பாவம், நாள் பூரா ஸ்டேரிங் புடிச்சுட்டு வர்றாரு'ம்பாங்க. அப்பவும் ரெண்டு தடவதானுங்கப்பா."

காற்று இல்லை. ஒரு ஆடு வேலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறக்கும்போதே சாந்தாமணி சொல்லுவாளே, எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறான் என்று. அவள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பொய்யின் சாடை கூட இருக்காது. அந்த முகத்தோடுதான் என்னிடம் எத்தனை வருஷம் பேசியிருக்கிறாள். இன்னும் எதை எதை அதே முகத்தோடு சொல்லியிருப்பாள்? இருந்தால் கேட்கலாம். போய்ச் சேர்ந்தவளிடம் எங்கே போய்க் கேட்பது.

"அவளும் உங்கூடச் சேந்து ஆறு மணிக்கே சாப்பிட்டுக்குவாளா?"

"அம்மா சாப்பிட மாட்டாங்க. அவங்க நெசமாவே உங்களுக்காகத்தான் காத்திருப்பாங்க."

இதை அவன் வேகமாகச் சொன்னான். தேவைக்கு மேலே வேகமாக.

"போய்ச் சாப்புடு. க்ளோஸ் பண்ணிருவாங்க" என்றேன்.

அன்று மத்தியானம் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் மணி அடித்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போய் அந்த நீள மேஜையில் உட்கார்ந்தேன், எல்லோருக்கும் முன்னால். லூசீல் கிழவி என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு, ரொட்டி, பீன்ஸ். காரம் இல்லை. ஆனால் சூடாக இருந்தது. தாமரைச்செல்வியும் கண்மணியும் வந்து உட்கார்ந்தார்கள். அவன் வரவில்லை. அவன் நாற்காலி காலியாக இருந்தது. நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டு தடவை வாங்கினேன். தட்டை ரொட்டியால் துடைத்தேன். பத்து மாசத்துக்கப்புறம் அன்றுதான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

"அவரு வாக்கிங் போயிருக்காருங்க மாமா" என்றாள் தாமரைச்செல்வி, நான் கேட்காமலே.

"ஏரி இருக்குதா இங்க?" என்றேன். அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

எட்டரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்தான். புளிசோற்று டப்பாவும் இரண்டு தட்டும் கையில். எதிரே உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது.

"இன்னிக்கு மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்கப்பா" என்றான். "உங்களுக்காகத்தான் வெயிட் பண்ணேன். நெசமா."

இரண்டு தட்டிலும் போட்டான். என் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

ஒரு வாய் எடுத்திருக்கலாம். தட்டில் பரப்பி, நடுவில் பள்ளம் பண்ணி, தண்ணீர் குடித்து எழுந்திருக்கலாம். எப்படிச் செய்வது என்று நன்றாகவே தெரியும், பத்து மாசம் பார்த்திருக்கிறேன். கை கூடக் கொஞ்சம் அசைந்தது. ஆனால் எனக்கு அது வராது. நான் ஒரு தடவைதான் சாப்பிடுகிறவன்.

"நான் சாப்பிட்டுட்டேன்" என்றேன். "நீ சாப்புடு."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் சாப்பிட்டான். அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். நேற்றுச் சோறு, காய்ந்துபோய் உதிர்ந்தது. அதையும் தின்றான். என் தட்டில் போட்டதையும் எடுத்துத் தின்றான். விரலை நக்கினான். எனக்கு எதிரே உட்கார்ந்து என் மகன் பசியோடு சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன், அவன் சொல்வது நிஜமானால்.

அவன் கை கழுவி வந்ததும் சொன்னேன். "அந்த கிரீன் கார்டு வேண்டாம். இருக்கற நாள் முடிஞ்சதும் டிக்கெட் போட்டுரு."

"அப்பா, இனிமே எல்லாரும் ஒண்ணாவே ஆறு மணிக்கு..."

"நான் எந்நேரத்துக்கு வேணும்னாலும் திம்பேன்டா. பஸ்காரன். நேரம் இல்ல இப்ப பிரச்சன."

அவன் புரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் கிளம்பினோம். பெட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்மணி கோழிக் கூண்டுப் பக்கம் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"கண்ணு, நேத்து சாயங்காலம் உங்கப்பாவுக்கு அந்தம்மா சமையக்கட்டுல ஏதாவது சாப்பிடக் குடுத்துச்சா?"

"நோ, தாத்தா" என்றாள். உடனே சொன்னாள், என் கண்ணை நேராகப் பார்த்து.

நல்ல குழந்தை. ஆனால் முந்தின நாள் நிஜத்தைச் சொன்னபோது மாதிரி, இந்த முறை அவள் கோழியைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை.